புளியங்கொட்டைக்கு ஆடிய இருபத்தொன்று

திருவண்ணாமலை
3.7.1983

அன்பு மகள் கலாவுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி வேதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள், நான் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். மறுநாளே பதில் போட்டிருக்க வேண்டும். தபாலாபீசில் கவர் தீர்ந்துவிட்டது என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். கவர் இருந்தது. எனக்குத்தான் எழுதக் கை வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகப் போனால் பொறுமையாகப் படி.

இங்கே இந்த வருஷம் வெயில் ரொம்ப ஜாஸ்தி. மழை பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது, நம் கிணற்றில் ராட்டினக் கயிறு எட்டவில்லை என்று இரண்டு முழம் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மாங்காயும் கம்மி, அம்மா இரண்டு ஜாடிதான் ஊறுகாய் போட்டாள், ஒன்று உனக்கு. அடி அண்ணாமலையில் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே கிணறு அடியோடு வற்றி, பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மத்தியானத்தோடு பள்ளியை விடுகிறார்கள். ஹெட்மாஸ்டர் சுப்பிரமணி நல்ல மனுஷர், என் பஸ்ஸில் பதினைந்து வருஷம் வந்து போனவர். அவர் ஒரு போர் போட்டுக் கைப்பம்பு வைக்க ஊரெல்லாம் நன்கொடைக்கு அலைந்தார். அவரிடம் தமிழ் கற்றுக்கொள்ள ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வருவார். அவர் ஒரு நாள், எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்கச் சீட்டாட்டப் போட்டி வைப்போம், பிளாக்ஜாக் என்று பேர், காசு வைத்து ஆடமாட்டோம், டிக்கெட் விற்பதுதான் வரும்படி, ஜெயித்தவருக்கு ஒரு பரிசு, என்று சொல்லியிருக்கிறார். விளக்கிக் கேட்டால் அது நம் ஊர் இருபத்தொன்றுதான். சீட்டுகளின் எண்ணைக் கூட்டி இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வரவேண்டும், தாண்டினால் அவுட். காசுக்குப் பதில் ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை என்று முடிவு செய்தார்கள். அரிசி மில் முதலாளி மண்டபமும் கொடுத்து, பரிசுக்கு ஒரு புதுத் தையல் மெஷினும் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் சரி, சீட்டைக் கலைத்துப் போட ஒரு தெரிந்த ஆள் வேண்டுமே. சுப்பிரமணி நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கலா, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் என் புத்தி எனக்கு உறைக்கும். உனக்குப் பதினாலு வயசில் உன் காதுக் கம்மலைத் தூங்கும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போய் லாரி ஷெட்டுப் பின்னால் ஆட்டத்தில் விட்டவன் நான். ஓட்டை மூடிவிடக்கூடாது என்று அம்மா வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகி உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். அந்த வாரம்தான் அம்மா நம் இரண்டு பேரையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கை உன் தலையில், ஒரு கையால் கற்பூரம் அணைத்து, இனிமேல் செத்தாலும் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். பதினாறு வருஷம் தொடவில்லை. கல்யாண வீட்டில் ஆடினால் எழுந்து வெளியே போய்விடுவேன். இதெல்லாம் சுப்பிரமணிக்கும் தெரியும். அவர் சொன்னார், நீங்க ஆடப்போறது இல்லையேங்க, போடத்தானே போறீங்க, அதுவும் புள்ளைங்க தண்ணிக்கு. எனக்கு அந்தப் பேச்சு வெல்லமாய் இருந்தது. தர்மத்துக்குத்தானே என்று நானே இரண்டு தரம் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன். சைக்கிள் கடை ஜியாவுல்லாவிடம் டிக்கெட் விற்கப் போனபோது அவன் பணத்தை எடுத்து நீட்டிவிட்டு, இது பம்புக்கு வெச்சுக்கண்ணா, டிக்கெட்டு வாணாம், கொட்டைக்கு ஆடுனாலும் எங்களுக்கு அது ஆவாது, உனக்கும் ஆவாதுன்னுதான் நெனச்சிருந்தேன், என்றான். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். யார் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்குதா என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைய கூட்டம். சீட்டுக்கட்டைக் கையில் எடுத்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த விரல், நான் கலைத்துப் போட்ட அழகைப் பார்த்து ஜெர்மன்காரரே கை தட்டினார். வயசு அறுபதை எட்டப்போகிறது, ரிட்டையர் ஆனபிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தலை கிறுகிறுத்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் கழிந்து இரண்டே பேர் மிச்சம். ஒருவர் மில் முதலாளி. இன்னொருவன் அடி அண்ணாமலை வேடியப்பன், அரைக்காணி மானாவாரிக்காரன், இந்த வருஷம் விதைக்கவே இல்லை. கடைசி ஆட்டம், யார் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வருகிறாரோ அவருக்கு மெஷின். சுப்பிரமணி எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, மொதலாளி ஜெயிச்சா மெஷினத் திருப்பிக் குடுத்துடுவாரு, ஏலம் வுட்டா பம்புக்கு இன்னும் கொஞ்சம் சேரும், என்று யாரிடமோ சிரித்துச் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, அவர் மேல் ஒரு பழியும் இல்லை. முதலாளி பதினெட்டில் நின்றுவிட்டார். வேடியப்பனிடம் பதினைந்து. இன்னொண்ணு போடுண்ணா என்றான். மேல் சீட்டைக் கட்டைவிரலால் ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன், டைமன் ஐந்து. போட்டால் அவனுக்கு இருபது, ஜெயித்துவிடுவான். அதை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு கலைக்கும்போதே அடியில் பார்த்துவைத்திருந்த சீட்டை உருவிப் போட்டேன். இஸ்பேட் ராஜா விழுந்தது. ராஜாவுக்குப் பத்து, அவன் அவுட். ஒரு கண்ணுக்கும் தெரியவில்லை. பம்புக்காகச் செய்தேன் என்று உன்னிடம் எழுதினால் அது இன்னொரு பொய். விரல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் செய்தேன். செய்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

வேடியப்பன் சண்டை போட்டிருந்தால் தேவலை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சூப்பரா போட்டண்ணா, நமக்குக் குடுப்பினை இல்ல, இன்னா பண்றது, என்றான். வாசலில் அவன் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள். தனம் என்று பேர், பதினேழு பதினெட்டு இருக்கும். ஏதாவது பேசவேண்டுமே என்று, ஜெயிச்சிருந்தா உனக்குத்தானாம்மா மெஷினு, என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆட்டும்போதுதான் பார்த்தேன், இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. வேடியப்பன் முந்திக்கொண்டு சொன்னான், இருவத்தஞ்சு ரூபா டிக்கெட்டாச்சேண்ணா, கம்மல அடகு வெச்சுதான் வாங்கினேன், மெஷினு வந்துட்டா பாப்பாவே துணி தெச்சு சம்பாரிச்சு மீட்டுக்கும்னு ஒரு கணக்கு. அவன் சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தூக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டது. நான் வேட்டியைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் உன் கடிதம். திங்கட்கிழமை காலை டூட்டிக்குப் போகும்போது விழுந்தேன் என்று எழுதியிருந்தாய். நான் சீட்டைத் தொட்டது ஞாயிறு, நீ விழுந்தது திங்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள், அந்த வரி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள், அப்புறம் மிச்சத்தைப் படித்தாள். நீ நர்ஸ், இதையெல்லாம் கேட்டால் சிரிப்பாய், ஈரப்படியில் செருப்பு வழுக்கினதுக்கும் இங்கே இவர் சீட்டுப் போட்டதுக்கும் என்ன சம்பந்தம் என்பாய். சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும் என்றுதான் நானும் அண்ணாமலையாரைக் கேட்கிறேன். ஆனால் உன் தலையில் வைத்த கை இது. அன்று சாயங்காலம் அம்மா கேட்டுக் கேட்டு, ராஜாவை உருவிப் போட்டது வரைக்கும் சொல்லிவிட்டேன். முற்றத்தில் துணி துவைக்கப் போய்விட்டாள், துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். போன புதன்கிழமை பம்புத் திறப்பு. நல்ல தண்ணீர் வந்துவிட்டது, பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து குடித்தார்கள். சுப்பிரமணி எனக்குத் துண்டு போர்த்தி, இவர் கைராசி என்று நாலு பேர் முன்னால் பேசினார். எல்லோரோடும் வேடியப்பனும் கை தட்டினான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். துண்டைக் கொண்டுவந்து பெட்டிமேல் போட்டேன், அம்மா அதை எடுத்து மடிக்கக்கூட இல்லை.

வேடியப்பனிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் மலை சுற்றப் போகிற சாக்கில் அவன் வீடு வரைக்கும் போனேன். முதல் தரம் அவன் இல்லை. இரண்டாம் தரம் இருந்தான், மோர் கொடுத்தான், குடித்துவிட்டு வந்துவிட்டேன். வெறும் வாயோடு போய்ச் சொன்னால் என் மனசு மட்டும்தான் லேசாகும், அவனுக்கு என்ன லாபம். அந்த மெஷின் ஏலத்தில் போய்விட்டது, திருப்ப முடியாது. என்னிடம் புதுசு வாங்கத் திராணி இல்லை. நம் வீட்டில் இருக்கிறது உன் மெஷின். வேலூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நீ வாங்கினது. அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை, வேதா பெரியவளானால் அவளுக்கு என்று எண்ணெய் போட்டுப் பழைய புடவையால் மூடி வைத்திருக்கிறோம். முந்தாநாள் நான் அந்தப் புடவையை எடுத்தேன், எடுத்ததும் அம்மா வந்து நின்றாள். அது அவ பொருளு, அவளக் கேக்காம ஒரு தடவ எடுத்தீங்க, இன்னொரு தடவ எடுத்தீங்கன்னா நான் பொட்டியக் கட்டிக்கினு பிலாய்க்குப் போயிடுவேன், என்றாள். மூடி வைத்துவிட்டேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன் கலா. அந்த மெஷினைத் தனத்துக்குக் கொடுக்க நீ சம்மதிப்பாயா. ஜியாவுல்லாவிடம் சொல்லியிருக்கிறேன், வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். மெஷினை இறக்குவதற்கு முன்னால் வேடியப்பனிடம் டைமன் ஐந்தைப் பற்றிச் சொல்வேன், தனமும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வேன். சொல்லாமல் கொடுத்தால் நான் தர்மவான் ஆகிவிடுவேன், இன்னொரு துண்டு போர்த்துவார்கள், அது வேண்டாம். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு மனசு வரவில்லை என்றால் முடியாது என்று எழுது, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், வேறு வழி தேடுவேன், ஒரு கடையில் டிக்கெட் கிழிக்கிற மாதிரி பில் போடுகிற வேலைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் மறைப்பதும் உன் இஷ்டம். காட்டாதே என்று கேட்க எனக்கு வாயில்லை. பதிலை அம்மா பேருக்கு எழுது, அவள் படித்துச் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

ஊறுகாய் ஜாடியை அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறவர் மூலம் அனுப்புகிறோம், வேதாவுக்குக் காரம் ஆகாது, பார்த்துக் கொடு. காலை ஊன்றி ஜாஸ்தி நேரம் நிற்காதே, நைட் டூட்டி மாற்றித் தரச் சொல்லிக் கேள். நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ண எனக்கு இப்போது தைரியம் இல்லை, அதனால் ஆசீர்வாதத்தை அம்மா கையால் அனுப்புகிறேன், அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்று மறக்காதே. பதில் எழுதும்போது மெஷின் விஷயம் கடைசியில் இருக்கட்டும். கால் வீக்கம் வடிந்ததா, நடக்கிறாயா என்பதை முதல் வரியில் எழுது.

உன் அப்பா,
இருசப்பன்