அப்பாவுக்குக் கால் எட்டாத வண்டி

காரிமங்கலம்

அன்பு மகன் குருவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் சுகுணாவும் சின்னக்குட்டியும் அந்த நியூசிலாந்தில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். இங்கே நானும் அப்பாவும் வேளைக்குக் களியோ சோறோ தின்றுகொண்டு இருக்கிறோம், அந்த ஆத்தா ஒரு குறையும் வைக்கவில்லை. ராகி அறுப்பு முடிந்தது, தட்டைப் போர் போட்டாயிற்று. வேலி ஓரத்து மாமரம் காற்றில் சாய்ந்துவிட்டது, உன் கல்யாணத்துக்குத் தோரணத்துக்கு இலை பறித்தோமே அந்த மரம்தான். அன்றைக்கு ஏணியைப் பிடிக்கச் சொன்னதற்கு உன் நஞ்சப்பன் சித்தப்பன் கை வலிக்குது என்று சொல்லிவிட்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்தான், பங்காளி என்று பேர். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இதையெல்லாம் ஃபோனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். நீ கூப்பிட்டால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அவர் காதுபடச் சொல்ல முடியாத சங்கதி இது. பொங்கலுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீசில் இருக்கிற பெண் சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன். நீ பதில் கடிதம் போடாதே, போட்டால் அது அவர் கையில்தான் முதலில் கிடைக்கும்.

சங்கதி வண்டியைப் பற்றியதுதான். நீ அனுப்பிய புது வண்டி இல்லை, அதற்கு முன்னால் இருந்த, சீட்டு தாழ்ந்த பழைய பைக். அதை அப்பா எப்படி வாங்கினார் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். சந்தையில் காளை முட்டி இடுப்பில் பிளேட் வைத்தார்கள் இல்லையா, அதற்குப் பிறகு வலது காலை அவரால் தூக்கிப் போட முடியவில்லை, முட்டியை மடக்கியும் உட்கார முடியவில்லை. ஆட்டுத் தரகு பார்க்கிற மனுசன் ஊர் ஊராகப் போய்ப் பட்டி பட்டியாகப் பார்த்தால்தானே பிழைப்பு. தர்மபுரியில் இருக்கிற எல்லா ஷோரூமிலும் ஏறிப் பார்த்தார், எதிலும் கால் தரையில் பாவவில்லை. கடைசியில் ஒரு பேங்க்காரர் ஊர் மாற்றிப் போகிறார் என்று விற்ற வண்டி அது. கொம்பு மாதிரி அகலமான ஹேண்டில்பார், பள்ளமாக ஒரு சீட்டு, கால் வைக்கிற கம்பி முன்னால் தள்ளி இருந்ததால் காலை நீட்டிக்கொண்டே ஓட்டலாம். அவர் காலைத் தூக்க வேண்டியதே இல்லை, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து காலை அப்படியே இழுத்துப் போட்டுக்கொள்வார். உட்கார்ந்தார், ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். “அம்மிக்கல்லு மேல உக்காந்த மாதிரி கெட்டியா கீறேன் புள்ள” என்று சொன்னார். எனக்கும் பின்னால் முதுகு சாய ஒரு கம்பி இருந்தது, சேலையோடு ஏறி உட்கார யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை.

சின்ன எஞ்சின்தான், வேகம் கிடையாது. அவருக்கு எதற்கு வேகம். கிடா வாங்கப் போகிறவன் அவசரம் காட்டினால் விலை ஏறிவிடும். அந்த வண்டிச் சத்தத்துக்கு ஆடுகூட மிரளாது குரு. பட்டி வாசல் வரைக்கும் அப்படியே உறுமிக்கொண்டு போய் நிறுத்துவார், ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேயும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற வெட்டிப் பையன்கள் “கொம்பப் பாத்தா எருமை, எஞ்சினப் பாத்தா ஆட்டுக்குட்டி” என்று கத்துவார்கள். இவர் வண்டியை நிறுத்தி, “ஆட்டுக்குட்டிய வெச்சித்தான்டா நான் சோறு தின்றேன், உனுக்கு எருமை வேணும்னா உங்கப்பன் வூட்ல போய்க் கேளு” என்று சொல்லிவிட்டு அவர்களுக்கும் சேர்த்து டீ சொல்லுவார். அவருக்கு அது விளையாட்டு. போன தடவை நீ வந்திருந்தபோது அதே பையன்கள் அதே பேச்சைப் பேசினார்கள், உன் முகம் சுண்டிப்போயிற்று. நீ அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முட்டி வலிக்கிறது, ஈஸிசேரில் உட்கார்ந்து ரோட்டில் போகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாய். நீ என் அப்பனைக் கொண்டு பிறந்தவன், உசரம். உன் உசரத்துக்கு அது பொருந்தாதுதான். ஊருக்கு முன்னால் அப்பா ஒரு கேலிப் பொருளாக இருக்கக்கூடாது என்று நீ நினைத்தாய், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ யாரிடம் சொன்னாய் பார், நஞ்சப்பனிடம். நல்ல பெரிய வண்டியாக, கெத்தாக எடுத்துக்கொடுங்கள் சித்தப்பா, பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள், அப்பாவுக்கு இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்று. அவன் சர்வீஸ் விட்டு வருகிறேன் என்று பழைய வண்டியை எடுத்துப் போனான், அப்பாவும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

புது வண்டி மாலையும் சந்தனமுமாக வந்து வாசலில் நின்றபோது ஊரே கூடிவிட்டது. குதிரை மாதிரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பார்க்க நல்லாத்தான் இருந்தது. நானும் மகன் அனுப்பியது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டிக்காரன்தான் ஏறிப் பழத்தை நசுக்க வேண்டும், நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். அப்பா பக்கத்தில் போனார், சீட்டின் மேல் கையை வைத்தார், ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். பிறகு “நஞ்சா, நீயே ஏத்துடா, எனுக்கு வேட்டி புதுசு” என்று சொல்லிவிட்டார். அந்த வேட்டியை நான் எத்தனை தடவை துவைத்திருப்பேன், எனக்குத் தெரியாதா. உங்கள் அப்பா பேரில் வந்த வண்டிக்கு நஞ்சப்பன் ஏறி எலுமிச்சம்பழம் நசுக்கினான், நசுக்கிவிட்டு ஒரு ரவுண்டு வேறு போய்விட்டு வந்தான். மகன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை உன் அப்பா. நீ சாயந்திரம் கூப்பிட்டு வண்டி எப்படிப்பா என்று கேட்டதற்கு “பறக்குதுப்பா” என்று சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த பொய். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறாய், அவரும் பாலக்கோடு போனேன், பாப்பாரப்பட்டி போனேன் என்று சொல்லுகிறார். வண்டி மாட்டுக்கொட்டாய் ஓரம் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது குரு. அவர் தனியாக வீட்டைவிட்டு நகரவில்லை.

ஸ்கூட்டர் வாங்கலாமே என்று நீ நினைப்பாய், நானும் நினைத்தேன். மெக்கானிக் முருகேஷ் கடையில் ஒன்றில் உட்கார வைத்துப் பார்த்தோம், முட்டியை மடக்கி உட்கார வேண்டியிருக்கிறது, பிளேட் வைத்த இடுப்பு விடவில்லை. பழைய மாதிரியே இன்னொன்று வேண்டும் என்று கேட்டேன். “கம்பெனிக்காரன் அந்த மாடல நிறுத்தி எத்தினியோ நாளாச்சி ஆத்தா, வெச்சிருக்கறவனும் குடுக்க மாட்டான்” என்று முருகேஷ் சொன்னான். இப்போது வாங்குகிறவனெல்லாம் ஒன்று குனிந்துகொண்டு ஓட்டுகிற ரேஸ் வண்டி கேட்கிறானாம், இல்லை என்றால் தாழ்ந்த வண்டியிலேயே யானை மாதிரி பெரிய எஞ்சின் கேட்கிறானாம், அதை உங்கள் அப்பா தள்ளக்கூட முடியாது. சின்ன எஞ்சின், தாழ்ந்த சீட்டு என்றால் இதிலும் சேராமல் அதிலும் சேராமல் போய்விட்டதாம். இனிமேல் பேட்டரி வண்டியில் அந்த மாதிரி வந்தாலும் வரும், பேட்டரியை அடியில் வைத்தால் சீட்டை இறக்கிவிடலாம், பொம்பளைப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று அவன் ஆசை காட்டுகிறான். வரட்டும், யாருக்கோ உபயோகப்படட்டும். அது வந்து, நம் ஊர் மேட்டில் ஏறி, உன் அப்பா வாங்குகிற வரைக்கும் அவர் இடுப்பு காத்திருக்குமா.

அப்புறம் அந்த முருகேஷ்தான் நம் பழைய வண்டி வத்தல்மலையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னான். வண்டியைக் கேட்கப் போகலாம் என்றால் வரமாட்டார் என்று, மலை ஆடு பார்க்கலாம் வாங்க என்று சொல்லி அப்பாவைக் கிளப்பினேன். தர்மபுரி போய் மலை பஸ் ஏறினோம். வாங்கினது யுவராணி என்று ஒரு நர்ஸ் பெண், என் தோள் உசரம்கூட இல்லை. வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்ததுமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது நான் எதற்குக் கூட்டிவந்தேன் என்று, என்னை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் அந்தப் பெண் காப்பி கொடுத்து, “ஏறி உக்காருங்க தாத்தா, உங்க வண்டிதானேங்க” என்று சொன்னாள். ஏறி உட்கார்ந்தார். ரெண்டு காலும் ஊன்றி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். திருப்பிக் கொடுத்துவிடு தாயி, புது வண்டியை எடுத்துக்கொள் என்று நான் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண், முன்னால் வைத்திருந்த வண்டியில் கொண்டை ஊசி வளைவில் நிறுத்தியபோது கால் எட்டாமல் சாய்ந்து விழுந்து கை ஒடிந்ததைச் சொன்னாள். “உசரமானவங்களுக்கு மட்டுந்தான் ரோடு போட்டாங்களாங்க? இது வந்தப்புறந்தான் மழையிலகூட பிரசவத்துக்கு எறங்கிப் போறேன்” என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா இறங்கிவிட்டார். செயின் தளர்ந்து இருக்கிறது, இறுக்கச் சொல்லு என்று அவளிடம் சொன்னார், எந்த கியரில் மேடு ஏற வேண்டும் என்று சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது “கேட்டுடாத புள்ள, அந்தப் பாப்பா மலையில ஓட்டணும்” என்று அதோடு முடித்துவிட்டார்.

போன சந்தைக்குப் போயே ஆக வேண்டும் என்று கிளம்பினார். தலைகாட்டாமல் விட்டால் வேறு தரகன் ஆட்களைப் பிடித்துக்கொள்வான். பஸ்ஸில் போகலாம் என்றால், தரகன் பஸ்ஸில் வந்து இறங்கினால் கை தாழ்ந்துவிட்டது என்று நினைப்பார்களாம். நஞ்சப்பனைப் புது வண்டியை ஓட்டச் சொல்லி இவர் பின்னால் ஏற வேண்டும், பின் சீட்டு அதைவிட உசரம், காலை எங்கே போட. நஞ்சப்பன் சும்மா இருக்கிற வாயா, “பொம்பளைங்க மாதிரி ஒரு பக்கமா உக்காந்துக்கண்ணா, நான் அண்ணியக் கூட்டிக்கினு போறன்னு நெனச்சிக்கறேன்” என்று சொன்னான். நான் விளக்குமாற்றைத் தேடினேன். ஆனால் அப்பா உட்கார்ந்தார் குரு. நான்கு ஊர் ஆட்டுக்காரர்கள் எழுந்து வழிவிடுகிற மனுசன், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து சந்தைக்குப் போனார். சந்தை வாசலில் எவனோ இவரைப் பார்த்து “பூ வெச்சிக்கலியா மாதண்ணா” என்று கேட்டானாம். எருமை ஆட்டுக்குட்டி என்று சொன்னபோது பதில் கொடுத்தவர், இதற்குப் பதில் சொல்லவில்லையாம், நஞ்சப்பனே வந்து சொன்னான், அவன் குரலே இறங்கிப்போயிருந்தது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற இடத்தில்கூட அன்றைக்கு இவர் விரலைத் தேடி யாரும் வரவில்லையாம்.

இதெல்லாம் கழிந்து போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். நீ போன ஞாயிறு ஃபோனில் பொங்கலுக்கு வருகிறேன், அப்பா ஓட்ட வேண்டும், நான் பின்னால் உட்கார்ந்து ஒகேனக்கல் வரைக்கும் போக வேண்டும், அதை சின்னக்குட்டி வீடியோ எடுக்க வேண்டும் என்று சொன்னாயே, அன்றிலிருந்து அவர் அதில் ஏறிப் பழக ஆரம்பித்துவிட்டார். விடியற்காலையில் நான் பால் கறக்கும்போது அவர் அந்த வண்டியைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறார். கல்லின் மேல் ஏறி நின்று, காலை ரெண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் போடுகிறார். ஏறிவிடுகிறார், இறங்கத் தெரியவில்லை. நுனிக்காலில் நின்றுகொண்டு, வண்டி சாய, கல்லைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்குகிறார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. ரோட்டில் எங்கே கல் இருக்கும். இந்தப் பனியில் ஒரு நாள் அந்த வண்டி அவர் இடுப்பின் மேல் விழுந்தால், டாக்டர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார், இன்னொரு தடவை பிளேட் வைக்க அங்கே எலும்பு இல்லை என்று. வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்க மாட்டார், உனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அவருக்கு அதைவிட அவமானம்.

அதனால் நீ இதைச் செய். இது உன் கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கூப்பிட்டு, அப்பா அந்த வண்டி எனக்கு வேண்டும், வரும்போதெல்லாம் நான்தான் ஓட்டுவேன், எனக்காகப் பத்திரமாக வைத்திரு, யார் கையிலும் சாவியைக் கொடுக்காதே, நீயும் எடுக்காதே என்று பிடிவாதமாகக் கேள், சின்ன வயசில் கேட்பாயே அந்த மாதிரி. நீ கொடுத்ததை அவர் திருப்பித் தரமாட்டார், நீ கேட்டால் தருவார். மகனுக்குக் கொடுத்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். காரில் போகலாம் ஒகேனக்கலுக்கு, அவர் முன்னால் உட்காரட்டும், சின்னக்குட்டி வீடியோ எடுக்கட்டும்.

நீயும் சுகுணாவும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, பிள்ளைக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்து நூறு வயசு வாழ வேண்டும். வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வை. ஃபோனில் என்னிடம் இந்தக் கடிதம் வந்ததா என்று கேட்டுவிடாதே, ஸ்பீக்கரில்தான் இருப்பார். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை.

இப்படிக்கு
உன் மேல் உசிராக இருக்கும் அம்மா
மா. காசியம்மாள்