அப்பா சாப்பிடும் கிழங்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், படுத்ததும் தூக்கம் வர வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் ஏற்கெனவே உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், இன்னொரு பொய் வேண்டாம், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் மூக்கை உறிஞ்சினாலே லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

மறைத்தது இதுதான். மூன்று மாதத்தில் அப்பா எட்டு கிலோ குறைந்துவிட்டார். பசி இல்லாமல் இல்லை, வயிறு கத்துவது எனக்கே கேட்கும். ஆனால் தட்டைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது வந்தாச்சு, எழுதியாச்சு, எடுத்துட்டுப் போங்க என்று தள்ளிவிடுகிறார். பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த மனிதர் அல்லவா. வருகிற மூட்டையைத் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன என்று கேட்டு எழுதுவார், எழுதிய மூட்டையை யாராவது மறுபடி மேஜையில் தூக்கி வைத்தால் ஊரைக் கூட்டிவிடுவார். மறதி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகும் அது மட்டும் போகவில்லை. உருளைக்கிழங்கா, வந்தாச்சு. கேரட்டா, வந்தாச்சு. முட்டை, ரொட்டி, வாழைப்பழம், அவருக்கு உயிரான வறுத்த மீன், எல்லாம் வந்தாச்சு. கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் ஆத்திரத்தில் தட்டைத் தரையில் போட்டு உடைத்தேன், அதையும் அவர்தான் குனிந்து பொறுக்கினார். டாக்டர் இரண்டு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டிவரும் என்றார். அந்தக் கையைக் கட்டுவதா என்று வீடு வரும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காய்கறிக் கடைக்காரம்மா அந்தக் கிழங்கைக் கொடுத்தாள். உருளைக்கிழங்கு மூட்டையோடு தவறி வந்துவிட்டதாம், யாரும் வாங்கவில்லையாம். கொசுறா வச்சுக்கங்கக்கா, தூக்கிப் போடவும் மனசு வரலை, திங்கவும் தைரியம் வரலை என்று பையில் போட்டாள். இரண்டு கை சேர்ந்தால்தான் பிடிக்க முடியும், அவ்வளவு பெரிது. மேலெல்லாம் முண்டு முடிச்சு, அடியில் வேர் தாடி மாதிரி சிக்கிக் கிடக்கிறது, இடுக்கெல்லாம் மண். இவ்வளவு அவலட்சணமான ஒன்றை நான் சமையலறைக்குள் விட்டதே இல்லை. பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன், அப்பா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். திருப்புகிறார், தட்டுகிறார், முகர்கிறார். எங்கேருந்து வந்தது என்றார். தெரியவில்லை என்றேன். உள்ளே என்ன என்றார். அதுவும் தெரியவில்லை என்றேன். தெரியாம எப்படி எடுத்துக்கிறது, பிரிச்சுப் பாக்கணும்ல என்று என்னை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா, அதற்காகவே ஓடிப்போய்க் கத்தி எடுத்துவர வேண்டும் போல எனக்கு இருந்தது.

உருளைக்கிழங்கு மாதிரி மெல்லிசாகத் தோல் சீவினேன், அது தப்பு. இடுக்கில் மண் நின்றுவிட்டது. கத்தியால் தடிமனாகச் செதுக்கித் தள்ள வேண்டும், பாதி குப்பைக்குப் போனாலும் பரவாயில்லை. உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது, வாசனை ஏறக்குறைய கொத்தமல்லித் தண்டு மாதிரி. தண்ணீர் கொதிப்பதற்குள் துண்டெல்லாம் பழுப்பு ஏறிவிட்டது, இப்போது எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டுவைக்கிறேன். முதல் துண்டை நான்தான் தின்றேன். நாக்கு அரிக்குமோ, விஷமாக இருக்குமோ, எனக்கு ஏதாவது ஆனால் இவரை யார் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே மென்றேன். ஒன்றும் ஆகவில்லை. உப்பும் மிளகும் கொஞ்சம் வெண்ணெயும் போட்டுப் பிரட்டி வைத்தேன். அப்பா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். பிறகு இன்னொன்று. தட்டையே காலி செய்துவிட்டார்.

கடைக்காரம்மாவிடம் சொன்னேன், அவளும் மொத்தச் சந்தையில் தேடிப் பிடித்து ஒரு சாக்கே வரவழைத்தாள். ஆனால் உன் அம்மாவுக்கு மூளை ஒரு நாள்தான் வேலை செய்யும். கைப்பழக்கம் வந்துவிட்ட பெருமையில் நான்காம் நாள் பால் விட்டு வெண்ணெயாக மசித்துக் கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். உருளைக்கிழங்கு, எழுதியாச்சு என்று தள்ளிவிட்டார். அன்று முழுக்கப் பட்டினி. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, ருசிக்காக அவர் சாப்பிடவில்லை. பழசெல்லாம் அவருக்குள் அப்படியே இருக்கிறது, வந்து போனதாக இருக்கிறது. புதுசு மட்டும் தங்குவதில்லை. அதனால் நேற்று தின்ற கிழங்கு இன்றைக்கும் அவருக்குப் புதுசு. இப்போது தினமும் பன்னிரண்டு மணிக்குப் பழைய பேப்பரை விரித்து முழுக் கிழங்கை அவர் முன்னால் வைக்கிறேன். திருப்புவார், தட்டுவார், எங்கிருந்து வந்தது என்பார். தெரியவில்லை என்பேன். கண்ணெதிரே நறுக்கி, கண்ணெதிரே வேகவைத்து, சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறார். டாக்டர் குழாய்ப் பேச்சை நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதை உன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சில நாளாக அப்பாவுக்கு என்னையும் தெரியவில்லை. என் வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா என்று என்னிடமே சொல்கிறார். என்னைச் சமையலுக்கு வந்த அம்மா என்று நினைக்கிறார் போலிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பாதிக் கிழங்கைத் தின்றவர் நிமிர்ந்து பார்த்து, நீங்க சாப்பிட்டீங்களா என்றார். நாற்பத்தோரு வருஷம் அவருக்குப் பொங்கிப் போட்டிருக்கிறேன், ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை அந்த மனிதர். இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் தட்டை நடுவில் நகர்த்தி வைத்தார். நான் உட்கார்ந்து தின்றேன். அப்புறம் பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னை மறந்துவிட்டாரே என்று அழுதேனா, இப்போதாவது கேட்டாரே என்று அழுதேனா, எனக்கே தெரியாது.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், போன மாதம் நீ போனில் பேசியபோது அப்பா உன்னிடம், என் பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கான், நாலு மணிக்கு வருவான், நீங்க யாரு என்று கேட்டுவிட்டார். அதோடு நீ லீவுக்கு வருவதாக இருந்ததையே நிறுத்திவிட்டாய். அவருக்கு என்னைத் தெரியலைன்னா நான் வந்து என்னம்மா பிரயோஜனம் என்றாய். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். நீ தப்பாகச் சொன்னாய் என்றும் தோன்றவில்லை, பெற்றவர் வாயிலிருந்து அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும். தினமும் நாலு மணிக்கு அவர் அந்தப் பள்ளிக்கூடப் பையனுக்காக ஜன்னல் பக்கம் போய் நிற்பதை முதலில் நான்கூடத் திருத்திப் பார்த்தேன், உங்க பையனுக்கு முப்பத்தெட்டு வயசு என்று. அழுதுவிட்டார். அதற்குப் பிறகு நானும் கூடப் போய் நிற்கிறேன்.

கடைக்காரம்மா நேற்றுச் சொன்னாள், இந்தக் கிழங்கு வரத்து இன்னும் மூன்று வாரம்தானாம், பிறகு அடுத்த வருஷம்தானாம். சாக்கில் பதினெட்டு இருக்கிறது. அதனால் நீ கிளம்பி வா. உன் ஊர்ச் சந்தையில் நாங்கள் பார்க்காத கிழங்கு, காய் எதுவானாலும் வாங்கிக்கொள், நறுக்காமல் முழுசாகக் கொண்டு வா. விமானத்தில் விட மாட்டார்கள் என்றால் போகட்டும், நீ வந்தால் போதும், இங்கே நான் எப்படியாவது தேடிக்கொள்கிறேன். அங்கே குளிரில் காதை மூடாமல் திரியாதே, ராத்திரி வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், பார். நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று என் ஆசீர்வாதம். அப்பாவின் ஆசீர்வாதம் ஜன்னலில் நின்று அவர் எதிர்பார்க்கும் அந்த ஏழு வயதுப் பையனுக்கு எப்போதும் இருக்கிறது, அதில் பாதி உனக்கு வராமலா போகும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வாசலில் நின்று அப்பா என்று கூப்பிடாதே, பயந்துவிடுவார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார், பொறுமையாகச் சொல். மறுநாளும் கேட்பார், மறுநாளும் சொல். மேலும் கீழும் பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம், நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்பார். இல்லை என்று சொல்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா