பட்டாணியின் குரல்

நவ. 4, செவ்வாய்
விடாத தூறல். துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை. விடைத்தாள் கட்டு பிரிக்காமல் அப்படியே.

எங்களோடு இருக்கும் தங்கை மகன் அருணுக்குச் சென்னையிலிருந்து போன். ஏழு வயதில் பட்டாணி என்கிற பையனாக அவன் நடித்த டிவி காமெடித் தொடர். அதன் பழைய ஆட்களை டிவி நிகழ்ச்சி ஒன்றுக்காக ஒரே மேடையில் கூட்டுகிறார்களாம். அந்த டைரக்டர் புதுத் தொடர் தொடங்குகிறாராம். "நல்லாப் பண்ணா சான்ஸ் இருக்கு பெரிம்மா." இருபத்தேழு வயது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஏற்றுமதி நேரம், லீவு கிடையாது என்றுவிட்டார்கள். போகத்தான் போகிறான். அவன் அம்மா விமலா அவனுக்கு நல்ல சட்டை தேடுகிறாள்.

நவ. 5, புதன்
குளியலறையில் அருண் ஒத்திகை. "நான் சின்னப் பையன், எனக்கென்ன தெரியும்?" ஒரு காலத்தில் ஊரே சொல்லிச் சிரித்த வசனம். இந்தக் கட்டைக் குரலில் போலீஸிடம் சொல்வது மாதிரி இருக்கிறது. கம்பெனி லைனில் ஒரு பெண் சொன்னாளாம்: "இது பட்டாணி வாய்ஸே இல்லண்ணா, ஏமாத்தாத."

அப்போது டிவியில் கேட்டதும் அவன் குரல் இல்லை. பிள்ளைகள் வாயசைப்பார்கள், டப்பிங்கில் பெரிய பெண்கள் பேசுவார்கள். அங்கே அதுதான் வழக்கம். தனக்குப் பேசியவரை இவன் பார்த்ததே இல்லை.

நவ. 9, ஞாயிறு
மழை. பால் திரிந்துபோனது. சென்னையில் நிகழ்ச்சி முடிந்து அருண் காலை பஸ்ஸில் வந்தான். சாப்பிடவில்லை. மத்தியானம்தான் சொன்னான். டப்பிங் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்களாம். இவன் வசனம் சொன்னபோது கூட்டம் சும்மா இருந்ததாம். அவர் மைக்கை வாங்கிச் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டல். பிறகு அவர் பேச, இவன் வாயசைக்க வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்தார்களாம்.

"நல்லவங்க பெரிம்மா. கன்னத்தத் தொட்டு, 'இப்பதான்டா உன்ன நேர்ல பாக்கறேன்'னாங்க."

நவ. 16, ஞாயிறு
அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பு. கரண்ட் போய்த் தொலைந்தால் தேவலை என்றிருந்தது. போகவில்லை. பக்கத்து வீட்டு நசீமா குடும்பத்தோடு வந்துவிட்டார். ஷூ வேலையைப் பற்றி அவன் தன் குரலில் பேசிய இடத்தை வெட்டிவிட்டார்கள். வாயசைப்பு மட்டும். "அப்டியே கீறான் பாரு" என்றார் நசீமா. விமலா அழுதாள். எதற்கென்று கேட்கவில்லை.

லீவில்லாமல் போனதற்கு, கம்பெனியில் அவன் லைன் வேறொருவனுக்கு. இவனைப் பசை தடவப் போட்டிருக்கிறார்கள். சோப்பு போட்டும் கையில் அந்த நாற்றம்.

நவ. 19, புதன்
டைரக்டரிடமிருந்து போன் வந்துவிட்டது. புதுத் தொடரில் வேஷம். பங்களா வாட்ச்மேன். ஊமை.

எத்தனை நாள் வேலை, எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். தெரியவில்லை. இப்போது விட்டால் கம்பெனியில் இனி சேர்க்கமாட்டார்கள் என்றேன். அது தெரிந்திருக்கிறது.

"டயலாக்குதான் இல்ல பெரிம்மா. ஆனா டிவில தெனம் வருவேன்."

நவ. 20, வியாழன்
வெயில். துணிகளை மாடியில் போட்டேன். பாதி விடைத்தாள் முடிந்தது. அருண் கண்ணாடி முன்னால், கையால் பேசிப் பழகுகிறான். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை. மறுபடி அடித்தது. நான்தான் போய், அவன் இனி வரமாட்டான் என்று டிரைவரிடம் சொன்னேன்.