நல்ல பிள்ளை என்று எழுதியதால் வந்த மறுப்பு

என் அன்பான அக்கா,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். சின்னவன் இப்போதுதான் கண் மூடினான். என் மனுஷன் ஜூட்டுக்கு விடிய ஷிப்ட், அவரும் படுத்துவிட்டார். பகலில் உன்னோடு ஆறுதலாகப் பேச முடிவதில்லை.

உன் மகள் நிலானியை லண்டனுக்குக் கூப்பிட நான் போட்ட விசா விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? அவள் அங்கே நன்றாக இருக்கிறாளாம்.

பிழை என்னுடையதுதான். அத்தான் செத்து, அடுத்த வருஷமே நீயும் செத்துப்போன பிறகு, மன்னாரில் அவளை விடுதியில் வைத்துப் பார்க்கிற சிஸ்டரிடம் "நல்ல கடிதமாத் தாங்கோ" என்று கேட்டது நான். கன்னியர் மடத்துக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் எல்லாம் சரிவரும் என்று நம்பி வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்? அவரும் மனமார எழுதினார். வகுப்பில் முதலாவது, பாடகர் குழுவில் முன்வரிசை, ஒரு குறையும் இல்லாத பிள்ளை. அந்த வரியையே எடுத்துப்போட்டு, இவளை அங்கிருந்து கூப்பிடக் காரணம் இல்லை என்று முடித்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊரில் இருக்கிற லோயர் மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அப்பீலுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, பிள்ளை கஷ்டப்படுவதாக ஏதாவது வேண்டும் என்றார். ஹவுன்ஸ்லோ மாமிக்கு வாய்க்கு வசதியாகப் போயிற்று. "ராசாத்தி மாதிரி இருக்கிற பிள்ளையை இஞ்ச கொண்டந்து, உன்ர குழந்தையைத் தூக்க விடப்போறியோ?"

"உங்களை உங்கட அண்ணை கூப்பிடேக்க ஆரும் இப்பிடிக் கேட்டவையோ, மாமி?" என்றேன்.  சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

சனிக்கிழமை போனில் நிலானிக்கு விஷயத்தைச் சொன்னேன். உடனே கேட்டாள்.

"சின்னம்மா, அப்ப இந்தத் தவணை நான் பெயில் விடட்டோ?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அக்கா இது?

ஒரு மார்க் குறைந்தாலும் எனக்குக் கோபம் வரும் என்றேன். சிரித்தாள். பேச்சை மாற்றுவதற்காக, லீவுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். விடுதி நாய்க்குச் சாப்பாடு வைப்பது அவள்தானாம். ஏன் நீ என்றேன்.

"மற்ற எல்லாரையும் வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவினம். நான் மட்டும்தானே நிக்கிறன்."

முறைப்பாடு இல்லை, சும்மா சொன்னாள். இதைத்தான் நாங்கள் ஒருவருமே எழுதவில்லை, அக்கா.

நாளைக்கு லோயரிடம் போகிறேன். கண்ணீர்க் கதை கட்டமாட்டேன். முதலாவதாக வருகிற பிள்ளைதான். லீவுக்குப் போக வீடில்லாத பிள்ளையும் அவள்தான். இரண்டையும் எழுதிக் கையெழுத்து வைப்பேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சொந்தம் தேவையில்லை என்று நீதிபதி என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொன்னால் திரும்பவும் விண்ணப்பம் போடுவேன். அவள் தலை குனியாமல் இந்த வீட்டுக்குள் வருவாள், இது உனக்கு நான் தருகிற வாக்கு.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பெயில் விடட்டோ என்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதானே? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கனவிலாவது வந்து கெதியாய் ஒரு பதில் சொல்லு.

உன் தங்கச்சி,
நிலானியின் சின்னம்மா
பிளேஸ்டோ, லண்டன்