வயிற்றுவலி என்று எழுதினார்கள்

இன்று காலை கல்லூரி வராந்தாவில் பியூன் புதிய பாட அட்டவணையை ஒட்டிக்கொண்டிருந்தார். மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசை. படியேறி வந்த என்னை அதன் வாசனை அப்படியே நிறுத்திவிட்டது. வகுப்பில் பெண்கள் காத்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடற்கரையைப் பார்ப்பதுபோல் நின்றேன். கண்ணீர் மறைத்ததால் ஒன்றும் தெரியவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று அவர் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன்.

கடைசி இரண்டு வருஷமும் உன் விரல்களில் இந்த வாசனைதான் இருந்தது. பழைய பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த துண்டுகளைக் காகிதத்தில் ஒட்டுவாய். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்கவேண்டும் என்று உன் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். சாப்பிட உட்காருமுன் எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகத்தின் ஓரத்தில் நீலம் மிச்சமிருக்கும்.

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தோம். நான் கணிதத்துக்குப் போனேன், நீ சரித்திரத்துக்கு. ஆராய்ச்சி மாணவி என்ற பெயர் உனக்குக் கிடைத்தபோது மயிலாப்பூரில் உன் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சென்னைப் பத்திரிகைகளின் சரித்திரத்தை எழுது என்றார் உன் பேராசிரியர். எந்தப் பத்திரிகை எப்போது தொடங்கியது, யார் நடத்தினார்கள் என்று எழுதியிருந்தால் ஒரு வருஷத்தில் முடிந்திருக்கும். நீயோ பத்திரிகைகள் பிறந்த கதையை விட்டுவிட்டு அவற்றில் வந்த சாவுகளைப் படிக்க ஆரம்பித்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தியாகராய நகர் வீட்டுக்கு நீ வந்தது நினைவிருக்கிறது. வீடு அப்போதுதான் கட்டி முடித்திருந்தது. சுவரில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. கூடத்தில் துண்டுகளைப் பரப்பி, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாய்.

"ஏண்டி, ஆம்பளைகளுக்கெல்லாம் வயிறே கிடையாதா?" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. நீ ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாய். தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து உயிர்விட்ட இளம்பெண். வயிற்றுவலி பொறுக்காமல் கிணற்றில் விழுந்த மருமகள். ஊர் வேறு, பெயர் வேறு, பத்திரிகைகூட வேறு. வாக்கியம் மட்டும் மாறவில்லை. ஆண்கள் இறந்தால் கடன், வியாபார நஷ்டம், பரீட்சையில் தோல்வி என்று விதவிதமாகக் காரணம் இருந்தது.

"பேப்பரைப் பாத்தா பொம்மனாட்டிகளுக்கு வேற கஷ்டமே வராதுன்னு தோண்றது. இது தற்செயலா இருக்க முடியுமா? உன் கணக்கை வச்சு சொல்லேன்."

செய்தித் துண்டுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வயிற்றுவலி என்று உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தெரியவேண்டும் என்றேன். நீ உடனே எழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாய். நீ கொண்டுவந்ததை நான் கட்டம் போட்டுக் கணக்கிட்டேன். என் ஆராய்ச்சி வளைகோடுகளைப் பற்றியது. "உன் வளைகோட்டுக்காக யாரும் அழமாட்டாடி, நீ குடுத்துவச்சவ" என்று அடிக்கடி கேலி செய்வாய். அந்தக் கணக்கைப் போட்ட நாட்களில்தான் முதன்முதலாக என் பேனா தயங்கியது. வயிற்றுவலி ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை. பத்திரிகைதான் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் உனக்குப் பட்டம் கிடைத்திருக்கும். இறந்த பெண்களின் வீடுகளுக்கு நீ போகத் தொடங்கினாய். ஒரு தடவை என்னையும் அழைத்துப்போனாய். கோடம்பாக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஜட்கா வண்டியில் குலுங்கிக் குலுங்கி வடபழனிக்குப் போனோம். முருகன் கோயிலுக்குப் பின்னால் ஒரு குடிசையில் பாக்கியம்மா இருந்தாள். பூக்கட்டி விற்கிறவள். அவளுடைய மகள் அஞ்சலையைப் பற்றித்தான் ஒரு பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது.

"எம்பொண்ணுக்கு வயித்து வலியே வந்ததில்லம்மா" என்றாள் பாக்கியம்மா. "கல்லத் தின்னாலும் செரிக்கும் அதுக்கு. மாமியா வூட்ல அடிச்சிக்கினே இருந்தாங்க. ரெண்டு தபா ஓடியாந்துச்சி. நான்தான் சமாதானம் சொல்லி இட்டுக்கினு போய் வுட்டேன். கெணத்துல வுளுந்துச்சா, தள்ளுனாங்களா, யாருக்குத் தெரியும்? பேப்பர்லியே வயித்து வலின்னு போட்டாச்சேன்னு போலீசுகாரன் என்னெ வெரட்டிட்டான்."

நீ எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். புறப்படும்போது அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்ச பொண்ணு. பேப்பர்ல மாத்திப் போடச் சொல்றியாம்மா?"

அவள் கையை அழுத்திவிட்டு நீ ஜட்காவில் ஏறினாய்.

மறுநாளே அந்தப் பத்திரிகை ஆசிரியரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர்தான், நாற்காலி போடச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். "போலீஸ் சொல்வதை நாங்கள் போடுகிறோம் அம்மா. அதற்குமேல் கிளறினால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடாதா?" என்றார்.

"எந்தக் குடும்பம் சார்?" என்று நீ கேட்டாய்.

அவர் டம்ளரை உன் பக்கம் நகர்த்தினார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தாய்.

உன் ஆய்வைப் பார்த்த மூன்று பேராசிரியர்களும் கணக்கை மெச்சினார்கள். வீடுகளுக்குப் போய் எழுதிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். "இது ஆராய்ச்சியா, ஊர் வம்பா?" என்று ஒருவர் கேட்டாராம். "வம்பு பேப்பர்ல வந்தது சார். அதை நான் விசாரிச்சுண்டு வந்தேன்" என்றாயாம். இதைச் சொல்லிவிட்டு லஸ் டிராம் நிறுத்தத்தில் நின்று நீ சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தியாயத்தை எடுக்கமாட்டேன், இன்னும் பல வீடுகளைப் பார்த்து அதை மறுக்கமுடியாதபடி செய்வேன் என்று கிளம்பினாய். அது ஐப்பசி மழைக்காலம். குடிசைகளைச் சுற்றிச் சாக்கடையும் குடிநீரும் ஒன்றாகக் கிடந்தன. போகிற வீட்டில் எல்லாம் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே என்று உன் அம்மா கெஞ்சினாள்.

"பெண்ணைப் பறிகொடுத்தவா ஒரு வாய் தண்ணி குடுக்கறா. வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது?"

கார்த்திகையில் படுத்தாய். டைபாயிட் என்றார் டாக்டர். நெற்றியில் ஐஸ் வைக்க நானும், நான் மாமி என்று கூப்பிடும் உன் அம்மாவும் முறைபோட்டு உட்கார்ந்தோம். உன் பின்னலை வெட்டவேண்டியிருந்தது. மாமியால் முடியாது என்று நான்தான் வெட்டினேன். ஜுரம் சற்றுத் தணிந்த ஒரு பிற்பகலில் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாய். "அந்த அம்மாவுக்கு நான் பதிலே சொல்லலைடி" என்றாய். சொல்லிக்கலாம், எழுந்திரு முதலில் என்றேன். நீ எழுந்திருக்கவில்லை.

உன் சாவும் அதே பத்திரிகையில் வந்தது. காரியங்கள் முடிந்த பிறகுதான் மாமி அதைப் பார்த்தாள். மயிலாப்பூர் வக்கீல் இன்னாரின் புத்திரி, அளவுக்கு மிஞ்சிய படிப்பினால் மூளை களைத்து, சில காலம் நோயுற்றிருந்து காலமானாள் என்று போட்டிருந்தார்கள். நீ என்ன படித்தாய் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "ஜுரம்னு போட்டா அவாளுக்கு என்னடி குறைஞ்சு போயிடும்?" என்றாள். அவ்வளவு நாளும் அழாமல் இருந்தவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

நான் தனியாக அந்த ஆசிரியரிடம் போனேன். அதே அறை, அதே நாற்காலி. இது தவறு, டைபாயிட் என்று திருத்தம் போடுங்கள் என்றேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். "இதில் என்ன அகௌரவம் அம்மா? படிப்பினால் இறந்தாள் என்பது மரியாதையாகத்தானே இருக்கிறது? இந்தக் காலத்துப் பெண்களுக்கும் ஓர் எச்சரிக்கை" என்றார். திருத்தம் இன்றுவரை வரவில்லை. உன் ஆய்வையும் கட்டாக வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இறந்தவருக்குப் பட்டம் தர விதியில்லையாம்.

தை மாதத்தில் வடபழனிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பாக்கியம்மா கோயில் வாசலில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் உன்னைத் தேடினாள்.

"அந்தப் பொண்ணு எங்கம்மா?"

சொன்னேன். மடியிலிருந்த பூவெல்லாம் கீழே விழ எழுந்து, மார்பில் அறைந்துகொண்டு, தெருவென்றும் பாராமல் கதறினாள். அஞ்சலையின் பெயரையும் உன் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதாள். அடங்கிய பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பேப்பர்ல இன்னா போட்டாங்க?"

படித்ததால் செத்துப்போனாய் என்று போட்டதைச் சொன்னேன்.

"அது கெடக்குது. நெசம் இன்னா? நீ கூட இருந்தவ, நீ சொல்லு."

படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ படுத்த நாளிலிருந்து எல்லாம் சொன்னேன். பின்னலை வெட்டியதைச் சொன்னேன். அவளுக்குப் பதில் சொல்லவில்லையே என்று நீ தவித்ததையும் சொன்னேன். அதைக் கேட்டு அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு அஞ்சலை பிறந்ததிலிருந்து, கடைசித் தடவை அழுதுகொண்டே ஜட்கா ஏறியதுவரை, அவளும் எனக்குச் சொன்னாள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

நான் இன்னும் கணிதம்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எழுதி நிரூபிக்க முடிந்ததை மட்டும் நம்புகிறவள் நான் என்று நீ கேலி செய்வாய். எங்கேயும் எழுதப்படாத இரண்டு விஷயங்களை இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். கேட்பார் கிடைத்தால் சொல்கிறேன். கிடைக்காத நாளில் எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.

அஞ்சலைக்கு வயிற்றுவலி இருந்ததில்லை. நீ படிப்பினால் சாகவில்லை.