தோற்றவருக்குப் போர்த்திய வலை

அன்புள்ள என்னங்க,

எனக்கு நினைவு தப்பிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். தப்பவில்லை. கணவர் கோப்பை வென்றதைக்கூட மறந்துவிட்டு, "தோற்றார், தோற்றார்" என்று மைதானத்து அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேனாம். நான் சண்டை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினேன். எதையும் மறக்கவும் இல்லை. நீங்கள் தோற்றீர்கள். ஒன்றுக்குச் சைபர். நான் மகளிர் பகுதியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் இந்தக் கடிதம் நம் பங்கு இதழில் கல்லறைத் திருநாளையொட்டி வரப்போகிறது. மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கும் தெரியட்டும்.

முதலில் வீட்டுச் செய்திகள். உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று. சிலுவையின் இடது பக்கத்தில் அடித்தவர் கொஞ்சம் விட்டுவிட்டார். திரும்ப வரவழைத்து அடிக்க வைத்தேன். எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் கறை இருந்தால்கூடத் தெரிகிறது. நம் மகன் மறைமலைநகரிலேயே இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான்.

ஏரிக்கரை மைதானம் இப்போது இல்லை. அதே இடத்தில் புதிது கட்டிவிட்டார்கள். நீல நிற பிளாஸ்டிக் இருக்கைகள், உயரமான விளக்குகள், பச்சைப் பாய் விரித்ததுபோல் செயற்கைப் புல். ஏரிப்பக்கம் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இனிமேல் பந்து தண்ணீரில் விழாது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு யார் நீந்திப் போய் எடுப்பது என்று இரண்டு அணியும் வாதாடவும் வேண்டாம். நல்லதுதான். நான் புதியதைக் குறை சொல்லவில்லை. மகளிர் கழிப்பறை இருக்கிறது. நம் காலத்தில் அது இல்லை என்பதை நீங்கள் யாரும் கவனித்ததுகூட இல்லை.

பழைய காலரியை இடித்த அன்று ஆளுக்கொரு சிமெண்டுத் துண்டை நினைவாக எடுத்துக்கொண்டு போனார்களாம். எனக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் படியின் சூடு எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நாலாய் மடித்த துண்டைப் போட்டு உட்கார்ந்தாலும் புடவையைத் தாண்டிச் சுடும். எதிரே ஏரிக்கரை மேட்டில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். ஏரியை ஒட்டி ரயில் வரும்போது பெட்டிக்குப் பெட்டி ஜன்னலில் தலைகள். யார் ஜெயிக்கிறார்கள் என்று ரயிலில் இருந்தே கத்திக் கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் ரயில் போய்விடும். பாவம், அவர்கள் எப்போது தெரிந்துகொண்டார்களோ?

அந்த மைதானத்தின் வழக்கத்தை, இதைப் படிக்கும் இளையவர்களுக்காக ஒருமுறை எழுதிவிடுகிறேன். பொங்கல் கால்பந்துப் போட்டிக்குக் கோல் கம்பத்து வலையைக் கடையில் வாங்குவதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டிலிருந்து ஓர் அணி வரும். எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களே ஒவ்வொரு வருடமும் புது வலை பின்னிக் கொண்டுவருவார்கள். இறுதிப் போட்டி முடிந்ததும், வென்ற அணி எந்த வலைக்குள் கோல் அடித்ததோ அந்த வலையை அறுத்து, கோல் விட்ட கோல்கீப்பருக்கு, நம் ஊர் வழக்கில் கோலிக்கு, பொன்னாடைபோல் போர்த்துவார்கள். தோற்றவருக்குத்தான் வலை. வென்றவர்களுக்குக் கோப்பை இருக்கிறதே.

முதலில் இது கேலியாகத்தான் ஆரம்பித்ததாம். கம்பத்தைக் காக்கத் தெரியவில்லை, இதை வைத்து மீனாவது பிடி என்று யாரோ ஒரு கோலியின் தோளில் போட்டிருக்கிறார்கள். அவர் அதைக் கழற்றாமல் காலரியைச் சுற்றி நடந்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டாராம். அன்றிலிருந்து அது மரியாதையாகிவிட்டது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

நம் கல்யாணம் ஆன வருடம் அந்த வலை உங்கள் தோளுக்கு வந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம். கொக்கிலமேட்டு அணியில் தேசிங்கு என்று ஒல்லியாக ஒருவர், வெறுங்காலோடு. தரையோடு தரையாக அடித்தார். நீங்கள் சரியான பக்கம்தான் பாய்ந்தீர்கள். பந்து உங்கள் விரலில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. காலரியில் ஒரு சத்தம் இல்லை. ஏரிக்கரை மேட்டில்தான் கூச்சல். நீங்கள் எழுந்து, பந்தை வலையிலிருந்து எடுத்து, மண்ணைச் சட்டையில் துடைத்து, நடுமைதானம் வரை நடந்துபோய் தேசிங்கு கையில் கொடுத்தீர்கள். உதைத்து அனுப்பியிருக்கலாம். ஏன் நடந்துபோனீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

வலையைப் போர்த்திக்கொண்டே சைக்கிள் மிதித்தீர்கள். பின்னால் நான். மடித்து என் மடியில் கொடுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. பஜார் முனையில் டீக்கடைக்காரர் கத்தினார்: "இன்னா கோலி, இன்னிக்கு வூட்ல கறியா, மீனா?"

"மீனுதான். துன்ன வா!" என்றீர்கள் நீங்கள்.

அந்த மனிதர் நிஜமாகவே வந்துவிட்டார். தேசிங்கும் வந்தார். வீட்டில் மீனும் இல்லை, கறியும் இல்லை. ரசம் வைத்து, அப்பளம் பொரித்துப் போட்டேன். வலையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். பிறகு வெகுகாலம் அதில்தான் வெங்காயம் தொங்கியது. தேசிங்கு வரும்போதெல்லாம் தலை நிமிர்த்திப் பார்த்து, "நம்ம கோலு எப்டிகீது அண்ணி? வெங்காயமா காய்ச்சித் தொங்குது!" என்பார். நீங்கள் உடனே, "விரல்ல பட்ட பந்துடா அது, பாதி கோலு என்னுது" என்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு வஞ்சிரம் வரும். மாசி மகத்துக்கு நாம் கடற்கரைக்குப் போவோம். ஒரு கோல் இரண்டு வீட்டை இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தது.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். புதிய மைதானத்தில் நினைவறை ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய பேட்ஜுகள், அனுமதிச் சீட்டுகள், போட்டி மலர்கள், ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று. உங்கள் வலையையும் கேட்டார்கள். நான்தான் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தேன். கண் சிகிச்சையால் திறப்பு விழாவுக்குப் போக முடியவில்லை. பிறகு போகலாம் என்று, தேசிங்கையும் வரச்சொன்னேன். அவர் தன் மகள் மலரோடு திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்தார். இப்போது நடை தளர்ந்துவிட்டது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார்.

கண்ணாடிப் பெட்டியில் வலை அழகாகத்தான் இருந்தது. "நல்லா வெச்சிக்கிறாங்கோ அண்ணி. கூட்டாளி பேரு கூட போட்டுக்கீது போல" என்றார். அவருக்குப் படிக்க வராது. பெட்டியின் பலகையை மலர்தான் படித்தாள். 'இறுதிப் போட்டியில் ஒரு கோலும் விடாமல் காத்து, செங்கல்பட்டு அணிக்கு வெற்றி தேடித் தந்த சவரிமுத்து அவர்களின் வலை.'

"இன்னாது? இன்னொரு தபா படி."

மலர் மறுபடி படித்துவிட்டுச் சிரித்தாள். "நைனா, செங்கல்பட்டு ஜெயிச்சிச்சாம். ஒரு கோலும் வுடலியாம். அப்ப நீ அட்ச்சது? இத்தினி வருசமா எங்களாண்ட வுட்டதெல்லாம் டூப்பா?"

அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடிமேல் கையை வைத்து வலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணி, நம்ம கோலு எங்க போச்சி?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

மாற்றச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வுடுங்க அண்ணி. அண்ணாத்த ஜெயிச்சதாவே இருந்துட்டுப் போவட்டும். நான் அட்ச்சது எனக்குத் தெரியும், அவுருக்குத் தெரியும். அவுருதான் இல்லியே."

கேட்டீர்களா? அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு இறுதிப் போட்டியில் அடித்த ஒரே கோலை உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார். நீங்கள் அதை வாங்கிக்கொள்வீர்களா? உங்கள் சார்பில் நான் வாங்கிக்கொள்ள முடியுமா? பொய் சொல்ல மாட்டேன். வெற்றி என்ற சொல் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தேசிங்கின் வீட்டிலிருந்து எடுத்துவந்தது. அவருடைய மகளே தகப்பனைப் பார்த்து டூப்பா என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

மறுநாள் மைதானத்து அலுவலகத்தில் குழுச் செயலாளரைப் பார்த்தேன். கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறார், வெளியூர்க்காரர், மரியாதையான மனிதர். வலை உங்களிடம் இருந்ததால் வென்றவர் நீங்கள்தான் என்று அவராகவே எழுதிவிட்டார். இந்த ஊர் வழக்கம் தெரியாதவர் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. சொன்ன பிறகும் கேட்கவில்லை பாருங்கள், அதற்குத்தான்.

"பாட்டி, தோத்தவரோட வலையை யாராவது கண்ணாடிக்குள்ள வைப்பாங்களா? சாருக்குத்தானே அசிங்கம்?"

"பாட்டி வேண்டாம், அம்மான்னு சொல்லுங்க. அவருக்கு அசிங்கமா இருந்திருந்தா பஜார் வழியா போர்த்திக்கிட்டு வந்திருக்க மாட்டார்."

"அம்மா, வயசாச்சு உங்களுக்கு. மாத்தி ஞாபகம் வெச்சிருப்பீங்க. எதாவது ஆதாரம் இருக்கா?"

கைப்பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்த வருடம் ஆடியவர்களுக்குக் கொடுத்தது. பாத்திரக் கடையில் வெட்டிய எழுத்து, 'இரண்டாம் பரிசு' என்று இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற வருஷத்து டம்ளரா இருக்கும்மா" என்றார். அந்த டம்ளரில் வருடம் வெட்டவில்லைதான். கடைசியில், வம்பே வேண்டாம், வாசகத்தையே எடுத்துவிட்டு உங்கள் பெயரை மட்டும் போட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெயர் மட்டும் இருந்தால் பார்ப்பவர்கள் அவரைப்போலவேதான் நினைப்பார்கள். அப்படியானால் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இன்றுவரை பார்க்கவில்லை. எனக்கு நினைவு தப்பிவிட்டது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் கிளம்பியது.

நம் மகனும் கேட்டான். "அப்பா ஜெயிச்சதா இருந்தா உனக்கு என்னம்மா கஷ்டம்? அவரைத் தோத்தவராவே வைக்கணுமா?" அவன் உங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டான். சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னேன்: "உங்க அப்பா நல்லா ஆடித் தோத்தார். அதை அவர் யார்கிட்டயும் மறைச்சதில்லை. நீ ஏன் மறைக்கணும்?" அவன் சாப்பிட்டு முடித்துவிட்டு, தேசிங்கு சித்தப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

உடம்பு நன்றாக இல்லை, அதுதான் எனக்குக் கவலை. மருந்து நிறையச் சாப்பிடுகிறார் என்று மலர் சொல்கிறாள். அவர் போன பிறகு திருத்தி என்ன பிரயோசனம்?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தேசிங்கு உயிரோடு இருக்கும்போதே, அவர் எதிரில் நின்று, மலர் வாய்விட்டுப் படிக்கும்படி அந்தப் பலகையை மாற்ற வைப்பேன். முடியாதென்றால் வலையைத் திரும்ப வாங்கி, கொக்கிலமேட்டுக்கு எடுத்துப்போய், அதைப் பின்னியவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிடுவேன். அங்கே யாருக்கும் வாசகம் தேவைப்படாது. இரண்டில் ஒன்று நடக்கும்.

மைதானக் குழுவினரும் இந்த இதழைப் படிப்பார்கள். பலகையில் வரவேண்டியது இதுதான்: 'பொங்கல் இறுதிப் போட்டியில் கொக்கிலமேட்டுத் தேசிங்கு கோல் அடித்த வலை. அந்த அணி வென்றது. தோற்ற செங்கல்பட்டு அணியின் கோலி சவரிமுத்துவுக்கு, வென்றவர்கள் போர்த்தியது.'

குழுவினரே, மாற்றுவீர்களா, மாட்டீர்களா? தொலைபேசியில் வேண்டாம், மகனிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். என் பெயருக்கு, கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மனைவி,
பிலோமினா சவரிமுத்து