ஆறு பாட்டில் பீன்ஸ்

ஜூன் 4

அன்பு வாலுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், சொல்ல வேண்டியதை எழுதிப் போடு என்று சொல்லி என் போன் நம்பரையும் பிளாக் பண்ணி அடைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

கொல்லையில் போட்ட பீன்ஸ் கொத்துக்கொத்தாய்க் காய்த்துத் தள்ளிவிட்டது. மறுபடியும் ஒரு பை நீட்டிவிடுவேனோ என்று அலுவலகத்தில் என்னைக் கண்டாலே ஒளிகிறார்கள். அதனால் பாட்டிலில் அடைக்கக் கற்றுக்கொண்டேன். குரு யாரும் இல்லை. தக்காளி அடைப்பதை ஒருத்தி வீடியோவில் காட்டினாள். தக்காளிக்கு ஆவது பீன்ஸுக்கு ஆகாதா என்ன? நறுக்கிப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, அண்டாவில் முழுக்கிக் கொதிக்க வைத்தேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் ‘டக்’கென்று உள்ளே அமுங்கும். அதைக் கேட்கவே அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும். ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

பாட்டில்கள் உடையாமல் வந்தன. ஏன் சொல்கிறாய் என்று தெரியாமல் என்ன? வேலை போய் வீட்டில் இருந்தவர், உன் மேஜையில் இரண்டாம் முறை சோற்றுக்குக் கை நீட்டியபோது, “சம்பாதிச்சுட்டு வந்து கேக்கட்டும்” என்றாயே. சாப்பிடுகிற மனிதனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அன்றைக்குத் தட்டை நகர்த்தி வைத்தவர், அதன்பின் யார் வீட்டிலும் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

ஆனால் உன் பீன்ஸை நேற்று வேகவைத்துப் பொரியல் பண்ணினேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “உங்க அக்காவுக்குக் கை நல்லாத்தான் இருக்கு” என்றார். இனி என் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஒரு பாட்டிலின் மூடி மட்டும் சற்று மேலே எழும்பி இருக்கிறது. அழுத்தினால் ‘டிக்’ என்று போகிறது, விட்டால் ‘டிக்’ என்று வருகிறது. ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்தால், சோறு வைக்கும்வரை அதைத்தான் தட்டிக்கொண்டு இருக்கிறார். நல்ல விளையாட்டு.

வாலு

ஜூன் 22

என் வாலுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

ஒரு சின்ன விஷயம். அந்த பீன்ஸைக் கொட்டிவிடு. மூடி எழும்பியதை முதலில் கொட்டு. பீன்ஸை அப்படி அடைக்கக் கூடாதாம், கெட்டுப்போகுமாம், அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு பாட்டில் கொடுத்தவள் நான், எல்லோரும் சிரிக்கிறார்கள். மேற்கொண்டு எதையும் கேட்டுக்கொள்ள எனக்கு மனசில்லை. முக்கியமாக மாப்பிள்ளைக்கு வைக்காதே, அவர்தான் நிறையச் சாப்பிடுவார்.

அடுத்த தடவை தக்காளி அனுப்புகிறேன்.

அக்கா

ஜூன் 28

அக்கா,

உன் கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். ‘மாப்பிள்ளைக்கு வைக்காதே, அவர்தான் நிறையச் சாப்பிடுவார்.’ படித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். அன்றைக்கு வைத்த மாதிரியே.

கொடுத்த கையாலேயே பிடுங்குவது உனக்குப் புதிதா? கெட்டுப்போச்சாம்! அந்த மூடி எழும்பிய பாட்டிலையே எடுத்துத் திறந்தேன். மோந்து பார்த்தேன், நல்ல வாசனைதான். வேகவைக்கக்கூட இல்லை. வெங்காயம் நறுக்கிப் போட்டு அப்படியே கலந்து அவர் முன்னால் வைத்து, “எங்க அக்கா எனக்குக் குடுத்தது, நான் உங்களுக்குக் குடுக்குறேன், சாப்பிடுங்க” என்றேன். எனக்காகச் சாப்பிட்டார். நானும் இரண்டு வாய் சாப்பிட்டேன்.

இனி எழுதாதே.

ஜூன் 30: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவருக்கு நேற்றிலிருந்து உடம்பு சரியில்லை. இமை சொருகிக்கொண்டே இருக்கிறது, வாய் உலர்ந்து நாக்கு குழறுகிறது. காய்ச்சல் இல்லை, அசதிதான். அதிலும் கிண்டல் வேறு: “ஒருத்தியவே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு பேராத் தெரியுற.” வேன் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் காலையிலிருந்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது, தைத்துத் தைத்துக் கண் போய்விட்டது போல.

வாலு

ஜூலை 3
(கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்)

என் தங்கமே,

கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இரண்டாகத் தெரிகிறது என்ற வரியைப் படித்ததும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். புளிப்பில்லாத காயை வெறும் கொதிதண்ணீரில் அடைத்தால் கிருமி சாகாதாம். உள்ளேயே விஷம் வைக்குமாம், வாசனையே காட்டாதாம். மூடி எழும்பினது அதனால்தானாம், முதல் தடவை நீ வேகவைத்துப் பண்ணினதால்தான் தப்பித்தீர்களாம். இதை அன்றைக்கே கேட்டு எழுதியிருக்க வேண்டியவள், வெட்கப்பட்டுக்கொண்டு சின்ன விஷயம் என்று எழுதினேன்.

அடுத்தவர் போனிலிருந்தெல்லாம் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ராத்திரி பஸ் பிடித்து வந்தேன். வீடு பூட்டியிருக்கிறது. நேற்று ஆம்புலன்ஸ் வந்தது என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. ஒருவரைப் படுக்க வைத்தும் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தும் கூட்டிப்போனார்களாம். படுத்திருந்தது யார் என்று கேட்டேன். சரியாகப் பார்க்கவில்லை என்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்றும் தெரியவில்லை.

ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறேன். டாக்டரிடம் காட்ட, அதே நாள் அடைத்த பாட்டில் ஒன்று பையில் இருக்கிறது. விஷமுறிவு மருந்து உண்டாம், நேரத்தோடு ஏற்ற வேண்டுமாம். நீங்கள் முதலில் வீடு திரும்பினால் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்: சாப்பிட வேண்டாம் என்று நான் சொன்னது இந்தத் தடவை அவருக்காகத்தான்.

என் நம்பரைத் திறந்துவிடு, வாலு. சண்டை போட்டாலும் பரவாயில்லை, பேசு.

அக்கா